பாடநூலுக்கும் ஒரு தேர்வு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர், கீழ்புத்துப்பட்டு)

ஆண்டுக்கு இருமுறை நமக்குத் தேர்வு நடக்கிறது. நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் நிறுக்கப்படுகிறது. ஆனால், எந்த நூலைப் படித்துவிட்டு நாம் அத்தேர்வுக்குப் போகிறோமோ, அந்த நூலுக்குத் தேர்வு வைப்பவர் யார்? அட்டையைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், சென்ற ஆண்டு சீனியர்கள் எதைப் படித்துத் தேறினார்கள் என்று கேட்கிறோம். அவ்வளவுதான் நம் ஆராய்ச்சி! சந்தையில் கத்தரிக்காயைக்கூட அழுத்திப் பார்த்து, காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். மூன்றாண்டுப் படிப்பை ஒப்படைக்கிற நூலை அப்படித் திருப்பிப் பார்ப்பதில்லை.

இது எல்லோருக்கும் ஒரே அளவான குறை அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படித்தவர் வீட்டுப் பிள்ளைக்குப் பாடநூல் தவறு செய்தால், திருத்தச் சித்தப்பா இருப்பார். பக்கத்து வீட்டில் ஓர் ஆசிரியர் இருப்பார். பணம் கொடுத்தால் தனிப்பயிற்சி இருக்கும். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இருக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்தில் உப்பளத்தையும் கடலையும் சவுக்குத் தோப்பையும் நம்பி வாழும் குடும்பங்கள் மிகுதி. எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நானே. என்னைப் போன்றோருக்கு ஆசிரியரும் நூலுமே கதி. வகுப்பு முடிந்து ஊர்ப் பேருந்து ஏறியபின் நூல் ஒன்றுதான் துணை. அந்த நூல் பிழையாகச் சொன்னால், எங்களுக்கு அந்தப் பிழையே உண்மை. அது விளங்காமல் சொன்னால், ‘நமக்கு மூளை போதாது’ என்று எங்களையே நொந்துகொள்வோமே தவிர, நூல் போதாது என்று ஒருநாளும் எண்ணமாட்டோம்.

ஆகவே நூலை எடைபோடுவது எப்படி என்று ஆராய்வது பண்டிதர்களின் பொழுதுபோக்கு அன்று. நம்மில் பலர் பாதி வழியில் நிற்பதற்கும் போய்ச் சேர்வதற்கும் அதில் பங்கு உண்டு.

ஆராய்ச்சிக்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. கல்லூரிக் கல்வி தமிழில் முடியுமா என்ற கேள்விக்கு விடையாக, 1960-இல் கோயம்புத்தூர் அரசுக் கலைக் கல்லூரியில் கலைப் பாடங்களைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி தொடங்கியது. கற்பிக்க நூல் வேண்டுமே! அதற்காகவே தமிழ் வெளியீட்டுக் கழகம் உருவாயிற்று. 1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றி அப்பணியை ஏற்றது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், பொருளியல், வரலாறு என்று நூற்றுக்கணக்கான கல்லூரி நூல்கள் தமிழில் வந்தன. அந்நிறுவனமே 2013 முதல் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் என்னும் பெயரில் இயங்குகிறது. அந்தப் பழைய நூல்கள் பல இன்று மின்னூல்களாகவும் கிடைக்கின்றன. அரசுக் கல்லூரி நூலகங்களின் கீழ்த்தட்டுகளில், பழுப்பேறிய தாளோடு அவற்றின் அச்சுப் படிகளை இன்றும் காணலாம்.

இந்நூல்களைப் பற்றி இரண்டு விதமான தீர்ப்புகளைக் கேட்கிறோம். ‘பழைய நூல், பயன்படாது’ என்பது ஒன்று. ‘தமிழ் நூல், ஆகவே போற்ற வேண்டும்’ என்பது மற்றொன்று. இரண்டுமே நூலைத் திறக்காமல் சொல்லும் தீர்ப்புகள் என்றே எனக்குப் படுகிறது. திறந்து பார்த்தால் என்ன தெரிகிறது?

பழமையால் வரும் குறை உண்டு, மறுக்கவில்லை. 1970-களில் அச்சான வேதியியல் நூலில் தனிமங்கள் நூற்றைந்து அல்லது அதையொட்டிய எண்ணிக்கையில் இருக்கும். 2016-இல் நான்கு புதிய தனிமங்களுக்குப் பெயர் சூட்டப்பட்ட பிறகு, 118-உடன் ஆவர்த்தன அட்டவணையின் ஏழாம் வரிசை நிறைவடைந்திருக்கிறது. அட்டவணைத் தொகுதிகளுக்கு அக்காலத்தார் ரோமன் எண்ணும் ‘ஏ’, ‘பி’ என்ற எழுத்தும் இட்டனர். 1980-களின் இறுதியிலிருந்து 1 முதல் 18 வரை நேராக எண்ணுவது உலக வழக்காயிற்று. மோல் என்பதன் வரையறையே மாறிவிட்டது. 12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு சொல்லப்பட்டுவந்த மோல், 20-5-2019 முதல் 6.02214076-ஐப் பத்தின் 23-ஆம் அடுக்கால் பெருக்கிய எண்ணாக நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. இம்மாற்றத்தைச் சொல்லாத நூல் பழைய நூல்தான். அச்சான ஆண்டு சென்ற ஆண்டாக இருந்தாலும் பழைய நூல்தான்! (புதிய அட்டை போட்டுப் பழைய வரையறையை விற்கும் கைடுகள் கடைகளில் இல்லாமல் இல்லை.)

ஆனால் இத்தகைய குறையைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு துண்டுத் தாளில் நான்கு வரி எழுதி அந்தப் பக்கத்தில் ஒட்டினால் போயிற்று. திருத்த முடியாத குறை வேறு. அது வாக்கியத்தில் இருக்கிறது. பாடத்தின் வரிசையில் இருக்கிறது.

வாக்கியத்திற்கு ஒரு சான்று காட்டுகிறேன். எந்த நூலிலிருந்தும் எடுத்ததன்று; நாம் எல்லோரும் படித்திருக்கும் நடையில் நானே எழுதிப் பார்த்தது. ‘மாறாத வெப்பநிலையில் வைக்கப்பட்டுள்ள கொடுக்கப்பட்ட நிறையுடைய வாயுவொன்றின் பருமனானது அதன்மீது செயல்படுத்தப்படும் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் அமையப்பெற்றுள்ளது.’ பாயில் விதிதான். பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் மூச்சு முட்டுகிறது. இதையே, ‘வெப்பநிலையை மாற்றாமல், மூடிய கலத்திலுள்ள வாயுவை இருமடங்கு அழுத்தினால் அதன் பருமன் பாதியாகும், மும்மடங்கு அழுத்தினால் மூன்றில் ஒன்றாகும்’ என்று தொடங்கி, பிறகு எதிர்விகிதம் என்ற சொல்லுக்கு வந்தால், மிதிவண்டிக்குக் காற்றடித்த எவருக்கும் அது புரியும். முதல் வாக்கியம் ஆங்கிலத்தின் எலும்பின்மேல் தமிழ்ச் சொற்களைப் போர்த்தியது. இரண்டாவது, கற்பிப்பவர் ஒருவர் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. பழைய பாடநூல் நிறுவன வெளியீடுகளில் இரண்டு நடையும் உண்டு. எழுதியவர் பேராசிரியராக இருந்து, தாம் பல ஆண்டு வகுப்பில் சொன்னதையே எழுதியிருந்தால் இரண்டாம் நடை வருகிறது. ஆங்கில நூலை வரிக்கு வரி பெயர்த்திருந்தால் முதல் நடை வருகிறது. ஆங்கிலத்தில் அச்சாகும் மலிவு நூல்களிலும் இதே நோய் உண்டு. ஆங்கிலத்தில் இருப்பதால் நமக்கு அது நோயாகத் தெரிவதில்லை.

அடுத்து, கலைச்சொல். இதில் எங்கள் ஊருக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே ஈழத்துப் பள்ளிகளில் அறிவியலைத் தமிழிலேயே பயின்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். நமக்கு வேதியியல், அவர்களுக்கு இரசாயனவியல். நமக்கு இயற்பியல், அவர்களுக்குப் பௌதிகவியல். ஆக்சிஜனை ஒட்சிசன் என்பார்கள். ஹைட்ரஜனை ஐதரசன் என்பார்கள். இவ்வளவும் ஒலி வேறுபாடுதான், எளிதில் கடந்துவிடலாம். சிக்கல் வேறோர் இடத்தில் வந்தது. பள்ளி நாளில் முகாமிலுள்ள பெரியவர் ஒருவரிடம் வேகம் பற்றிய கணக்கைக் காட்டியபோது, அவர் “தம்பி, இதுக்குத் திசை சொல்லேல்லையே. திசை இல்லாட்டா அது வேகம் இல்லை, கதி” என்றார். நம் நூல்களில் திசை இல்லாதது வேகம், திசை உள்ளது திசைவேகம். அவர்கள் நூல்களில் திசை இல்லாதது கதி, திசை உள்ளதே வேகம்! ஒரே தமிழ்ச் சொல், கடலின் இக்கரையில் ஒரு பொருளும் அக்கரையில் மற்றொரு பொருளும் கொண்டிருக்கிறது.

இதில் யார் சொன்னது சரி என்று வாதிடுவதில் பயனில்லை. இரண்டு கரையிலும் சொல் ஒழுங்காகத்தான் ஆளப்படுகிறது. நாம் பார்க்க வேண்டியது, ஒரே நூலுக்குள் ஒரு சொல் ஒரே பொருளில் நிற்கிறதா என்பதை. வேலன்சியை முதல் இயலில் இணைதிறன் என்றும், ஐந்தாம் இயலில் வலுவெண் என்றும், பயிற்சி வினாவில் வேலன்சி என்றும் ஒரு நூல் எழுதினால், மூன்று வெவ்வேறு கருத்துகள் உள்ளன என்றே புதிதாகக் கற்பவர் நினைப்பார். பல ஆசிரியர்கள் சேர்ந்து எழுதிய நூல்களில் இவ்விபத்து எளிதில் நேர்கிறது. நூலின் இறுதியில் கலைச்சொல் பட்டியல் இருக்கிறதா, அப்பட்டியலில் உள்ள சொல்தான் உள்ளேயும் இருக்கிறதா என்று பத்துச் சொற்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டாலே நூலாசிரியரின் கவனம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கால் மணி நேர வேலை.

இக்கவனம் இன்று நேற்று வந்த எதிர்பார்ப்பும் அன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ 1867-இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இலும், வேதியியலுக்கான ‘கெமிஸ்தம்’ 1875-இலும் வெளிவந்தன. நூல்களோடு அவர் நின்றுவிடவில்லை. கலைச்சொற்களையும் தனியே தொகுத்து வெளியிட்டார். கெமிஸ்ட்ரியைக் கெமிஸ்தம் ஆக்கியது நம் காதுக்கு இன்று வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்நூல்களைப் படித்தவர்கள் நோயாளியின் உடலில் கத்தி வைக்க வேண்டியவர்கள். ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருந்தால் உயிர் போய்விடும். பாடநூலை எழுதுபவர் மனத்தில் அந்த அச்சம் சிறிது இருப்பது நல்லது.

இனி, என் கருத்தில் எல்லாவற்றிலும் பெரிய சோதனைக்கு வருகிறேன். நூலைப் படித்தபின் நாம் அறிந்த உலகத்தில் உள்ள ஒரு பொருளை அது விளக்குகிறதா? எனக்கு வாய்த்த பொருள் உப்பு.

சோடியம் குளோரைடு பற்றிப் பெரும்பாலான நூல்கள் ஒரு வரி சொல்கின்றன: கடல்நீரைச் சூரிய வெப்பத்தில் ஆவியாக்கி இது பெறப்படுகிறது. உண்மைதான். மரக்காணத்து உப்பளத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் என் மாமாவிடம் இந்த வரியைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, “ஆவியாக்குறது வெயிலு. அப்போ நாங்க எதுக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாத்தி பாத்தியாக நீரை மாற்றிக் கட்டுவது ஏன்? எல்லா நீரையும் ஒரே பாத்தியில் விட்டு முழுவதும் காயவிட்டால் என்ன? அவர் சொன்ன விடை: “கடைசித் தண்ணியையும் காயவிட்டா உப்பு கசக்கும். மழைக்காலத்துல மூட்டையே நீர் விட்டுக்கும்.”

இந்த விடையின் வேதியியலை நூலில் தேடலாம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 35 கிராம். அதில் சோடியம் குளோரைடு மட்டும் சுமார் 27 கிராம். மற்றவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் சேர்மங்கள். நீர் வற்ற வற்ற இவை எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. குறைவாகக் கரைவது முதலில் படியும். 1849-இல் உசிலியோ என்பவர் மத்தியதரைக் கடல் நீரைப் படிப்படியாக வற்றவைத்து இந்த வரிசையைக் கண்டார். முதலில் கால்சியம் கார்பனேட்டு. நீரின் பருமன் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும்போது ஜிப்சம். பத்தில் ஒன்றாகும்போது நம் சமையலுப்பு. இறுதியில் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் உப்புகள். மாமா சொன்ன கசப்பு அதுதான். மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துத் தானே கரையும் இயல்புடையது. மூட்டை நீர் விடுவதும் அதனால்தான். அடர்த்திமானியை மிதக்கவிட்டு ‘டிகிரி’ பார்ப்பது இந்த வரிசையைப் பிடிப்பதற்கே. போமே அளவில் மூன்று அல்லது மூன்றரையில் தொடங்கும் கடல்நீர் சுமார் 25-ஐ எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். முப்பதை நெருங்குமுன் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. சூடான கரைசலைக் குளிரவைத்துப் படிகம் எடுப்பதுதானே ஆய்வகத்தில் நாம் செய்யும் முறை? உப்பளத்தில் ஏன் அப்படிச் செய்வதில்லை? நூறு கிராம் நீரில் சோடியம் குளோரைடு 0 பாகையில் ஏறத்தாழ 36 கிராம் கரைகிறது. 100 பாகையிலும் 39 கிராம்தான். குளிரவைத்தால் என்ன கிடைக்கும்? பொட்டாசியம் நைட்ரேட்டோ 0 பாகையில் 13 கிராம், 100 பாகையில் 240 கிராமுக்கும் மேல். அதைக் குளிரவைத்தால் குவியலாகக் கிடைக்கும். இந்த நான்கு எண்களும் கரைதிறன் வளைகோடு என்ற தலைப்பில் எல்லா நூல்களிலும் இருக்கின்றன. ஆனால் கரைதிறன் இயற்பிய வேதியியலில் ஒரு மூலையில் கிடக்கிறது; சோடியம் குளோரைடு கனிம வேதியியலில் வேறொரு மூலையில் கிடக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விளக்கும் ஒரு வரி இருந்தால் அது நல்ல நூல். அவ்வரி இல்லாத நூல், எண்களைச் சரியாகத் தந்திருந்தாலும் என் தேர்வில் பாதி மதிப்பெண்தான் பெறும். வேறு ஊர்த் தோழர்களுக்கு வேறு பொருள் இருக்கும்: செங்கல் சூளை, சாயப்பட்டறை, கரும்பு ஆலை, பால் கூட்டுறவு நிலையம். அவரவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நூலைத் திறக்கலாம்.

இவ்வாறு நூலை உரசிப் பார்த்தவர்களில் உலகறிந்த ஒருவர் உண்டு. அமெரிக்க இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன், நோபல் பரிசு பெறுவதற்கு ஓராண்டு முன்பு, 1964-இல் கலிஃபோர்னியா மாநிலத்தின் பள்ளிக் கணித நூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தார். வந்த நூல்கள் அத்தனையையும் அவர் ஒருவராகவே வீட்டில் உட்கார்ந்து படித்தார். ஒரு நூலில் விண்மீன்களின் வெப்பநிலைகளைக் கூட்டச் சொல்லும் கணக்கு இருந்ததாம்! வெப்பநிலைகளைக் கூட்டி வரும் தொகைக்கு எந்தப் பொருளும் இல்லை என்று அவர் சினந்தார். அதைவிட வேடிக்கை, ஒரு நூல் குறித்த காலத்தில் முடியாததால் பதிப்பகம் அட்டையை மட்டும் போட்டு உள்ளே வெற்றுத் தாளை வைத்து அனுப்பியிருந்தது. அந்த வெற்று நூலுக்கும் குழுவினர் சிலர் மதிப்பெண் இட்டிருந்தார்கள்! படிக்காமல் மதிப்பிட்டால் வெற்றுத் தாளும் தேறிவிடும்.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு முறை இருக்கிறது. புதிதாகக் கற்ற சொல்லைப் பயன்படுத்தாமல், கற்றதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். பொம்மை நகர்வது ஏன் என்ற கேள்விக்கு ‘ஆற்றலால்’ என்று ஒரு நூல் விடை சொன்னால், அங்கே ஒன்றும் கற்பிக்கப்படவில்லை என்பார் அவர். ‘மின்னெதிர்த்தன்மை’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ஹைட்ரஜன் குளோரைடில் எலெக்ட்ரான்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன, ஏன் சாய்கின்றன என்று உங்கள் நூலைப் படித்த தோழரைச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால், தோழரைக் குறை கூறுமுன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கைடுகளைப் பற்றியும் ஜெராக்ஸ் குறிப்புகளைப் பற்றியும் மிகுதியாகச் சொல்ல விரும்பவில்லை. நானும் வாங்குகிறேன், தேர்வுக்கு முந்திய இரவு எல்லோருக்கும் அவை தேவைப்படுகின்றன. ஒன்று மட்டும்: ஒரு குறிப்பிலிருந்து படியெடுத்து, அதிலிருந்து இன்னொன்று படியெடுத்து வரும்போது, ஒரு கீழ்க்குறி எண் மறைந்தால்கூட அது வேறு சேர்மம் ஆகிவிடும். 2018 முதல் வந்த பள்ளி நூல்களில் க்யூ.ஆர். குறிகளை அச்சிட்டுக் காணொலிகளை இணைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். எனினும் செல்பேசியில் சிக்னல் கிடைக்காத இடத்திலும் அந்தப் பக்கம் தானாகவே நின்று பாடம் சொல்கிறதா என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

சரி, இந்தத் தேர்வை நடத்துவது யார்? பேராசிரியர்கள் நூலைப் பார்த்தால் பிழை தெரியும். அது அவர்களால்தான் முடியும். ஆனால் எந்த இடத்தில் மாணவர் திகைத்து நிற்பார் என்பது பாடத்தை முன்பே அறிந்தவருக்கு எளிதில் தெரியாது. மத்தியப் பிரதேசத்தில் ஓசங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் 1972-இல் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கிற்று. கிராமத்துப் பிள்ளைகள் சோதனை செய்து கற்கும் வகையில் ‘பால் வைஞானிக்’ என்னும் நூல்களை அங்கே உருவாக்கினார்கள். வகுப்பில் அவற்றைப் பயன்படுத்திய ஆசிரியர்கள் கூடிப் பேசி, எந்தச் சோதனை நடந்தது, எந்தக் கேள்வியில் பிள்ளைகள் சிக்கினார்கள் என்று சொல்லச் சொல்ல நூல் திருத்தப்பட்டது. 2002-இல் அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது, அது வருந்தத்தக்கதே. ஆயினும் பயில்பவரிடமிருந்து நூலாசிரியருக்குச் செய்தி திரும்பிப் போக ஒரு வழி வேண்டும் என்று முப்பதாண்டுகள் நடத்திக் காட்டினார்கள்.

நம் கல்லூரியில் அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. நூலகப் புத்தகங்களின் பின்னட்டையில் திருப்பித் தரும் தேதியைக் குறிக்கும் தாள் ஒட்டியிருக்கிறதல்லவா? நூலகரின் இசைவோடு, அதன் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டலாம். படிப்பவர் பெயர் எழுத வேண்டாம். எந்தப் பக்கத்தில் நின்றார், எந்தச் சொல்லில் நின்றார், பிறகு எந்த நூலைப் பார்த்துக் கடந்தார் என்று மூன்று செய்தி எழுதினால் போதும். பருவத்தின் முடிவில் துறைப் பேராசிரியர்கள் அத்தாள்களைப் பார்வையிட்டு, பிழை என்றால் திருத்தத் துண்டும், விளக்கம் போதாது என்றால் அரைப்பக்கக் குறிப்பும் சேர்க்கலாம். அடுத்த ஆண்டு அந்நூலை எடுப்பவர் அதே பக்கத்தில் நிற்கமாட்டார். வேதியியல் துறையில் தொடங்குவதானால், கனிம வேதியியல் நூலில் சோடியம் குளோரைடு வரும் பக்கத்துக்கான அரைப்பக்கக் குறிப்பை நானே எழுதித் தரச் சித்தமாயிருக்கிறேன். பாத்தி கட்டும் முறை பற்றி மாமாவிடம் இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.